மிதக்க மறந்த காந்தம்

அத்தியாயம் 5

“செத்துப்போச்சு,” என்றாள் டாக்டர் ஆசியா.

பத்துமலை சட்டென்று தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். “அலாமாக்! யாரு?”

“காந்தம்.”

தொப்பியை மறுபடியும் மாட்டிக்கொண்டான்.

மங்களம் குனிந்து பார்த்தாள். கல்லூரி ஆய்வுக்கூடத்து மேசையில் ஒரு வெள்ளை நுரைக் கிண்ணம். அதற்குள் திரவ நைட்ரஜன் பால் நிறத்தில் புகைந்துகொண்டிருந்தது. புகைக்கு அடியில் மேரி பிஸ்கட் அளவில் ஒரு கறுப்பு வில்லை. வில்லையின் மேல் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு காந்தம், மருந்தடித்த கரப்பான் மாதிரி அசையாமல் கிடந்தது.

“அது படுக்கக் கூடாதுக்கா,” என்றாள் ஆசியா. “மிதக்கணும். இந்த வில்லை குளிர்ந்துட்டா மீகடத்தி ஆயிடும். காந்தத்தைக் கிட்ட சேர்க்காது, அப்படியே அந்தரத்துல தூக்கிப் பிடிக்கும். போன வாரம் ஜம்முனு மிதந்துச்சு. நேத்து லீவு. இன்னிக்குக் காலையில வந்து பார்த்தா இப்படி. யாரோ என் வில்லையை எடுத்துட்டுப் போலி ஒண்ணை வச்சிருக்காங்க.”

அழக்கூடாது என்று முடிவெடுத்த குரல் அது. மங்களத்துக்குக் குரல்கள் தெரியும். ஈப்போ தொலைபேசி நிலையத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்த காலத்தில், ‘நல்லா இருக்கேன்’ என்று சொன்னவர்களில் பாதிப் பேர் நன்றாக இல்லை என்பதைக் கற்றுக்கொண்டாள். தானாகவே இணைப்புக் கொடுக்கும் இயந்திரம் வந்தது, அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த மாதமே ஒரு காப்பிக்கடைக்கு மேலே அறை பிடித்து, துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டினாள். பலகையைத் தூக்கி வந்த டாக்சிக்காரன் பத்துமலை. தூக்கி வந்தவன் திரும்பிப் போகவே இல்லை.

“இன்னிக்கு என்ன அவசரம்?” என்றாள் மங்களம்.

“மத்தியானம் கோலாலம்பூர்லேர்ந்து அதிகாரி வாரார். இந்த அறையில உருப்படியா ஏதாவது நடக்குதான்னு பார்க்க. மிதந்தா அறை எனக்கு. மிதக்கலேன்னா...” ஆசியா வாசல் பக்கம் கையைக் காட்டினாள்.

வெளியே நடைபாதை நெடுக டைப்ரைட்டர்கள் வரிசையாகக் காத்திருந்தன. வணிகப் பாடம் நடத்தும் அர்ச்சுனன் தட்டச்சு வகுப்புக்கு இந்த அறையைக் கேட்டிருந்தார். கேட்டதோடு நிற்காமல் இயந்திரங்களையும் கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

“பொண்ணு பார்க்க வர்றதுக்கு முந்தியே சீர்வரிசை வந்திருச்சு,” என்றான் பத்துமலை. “சரி டாக்டரம்மா, மிதக்குறதெல்லாம் எதுக்கு? இதுல நீங்க என்னதான் தேடுறீங்க?”

ஆசியா மூச்சை இழுத்துவிட்டாள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே பலரைத் தூங்க வைத்திருக்கிறாள் என்று மங்களத்துக்குத் தோன்றியது.

“எலக்ட்ரான் ஒவ்வொண்ணுக்கும் ஒரு சுழற்சி உண்டு. மேல் நோக்கிச் சுத்தும், இல்லாட்டி கீழ் நோக்கிச் சுத்தும். மீகடத்திக்குள்ளே எல்லாம் ஜோடி. ஒண்ணு மேல பார்த்தா, கூட வர்றது கீழ பார்க்கும். அப்படி ஜோடி சேர்ந்துட்டா எந்தத் தடையும் இல்லாம ஓடும்.”

“எதிரும் புதிருமா இருந்தாத்தான் ஒத்துமையா?”

“ஆமா.”

“எங்க வீட்டுலயும் அப்படித்தான்லா. ஆனா கரண்டு பில்லு குறையவே இல்லை.”

“கேளுங்க. இரும்புல கதை வேற. அங்கே பெரும்பாலும் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும். அந்த மாதிரி ஒரே பக்கம் பார்க்கிற கூட்டத்தை இரும்புலேர்ந்து மீகடத்திக்குள்ளே அனுப்பினா, எவ்வளவு தூரம் அந்தச் சுழற்சி மாறாமப் போகும்? எங்கே தொலைஞ்சுபோகும்? அதுதான் என் ஆராய்ச்சி.”

பத்துமலை தாடையைச் சொறிந்தான். “புருஷன் பொண்டாட்டியா வந்து உட்கார்ந்திருக்கிற கல்யாண வீட்டுக்குள்ளே, கல்யாணமாகாத பசங்களைக் கும்பலா உள்ளே விட்டு, எவ்வளவு தூரம் போறானுங்கன்னு வாசல்ல நின்னு பார்க்கிறீங்க.”

ஆசியா ஒரு நிமிடம் யோசித்தாள். “கிட்டத்தட்ட அதேதான்.”

“வில்லைக்குள்ளேயே இரும்பு கலந்துட்டா?” என்றாள் மங்களம்.

“விஷம்க்கா. இரும்பணு பக்கத்துல வர்ற ரெண்டையும் ‘என் பக்கம் பாரு, என் பக்கம் பாரு’ன்னு இழுக்கும். ஜோடி பிரிஞ்சுடும்.”

“நாத்தனா,” என்றான் பத்துமலை அனுபவப்பட்ட குரலில்.

மங்களம் இடுக்கியால் வில்லையை வெளியே எடுத்து, காற்றில் குளிர் விடும்வரை காத்திருந்து, கைக்குட்டையால் துடைத்தாள். உள்ளங்கையில் வைத்துத் திருப்பினாள். ஒரு பக்கம் தட்டை. மறுபக்கம் நடுவில் லேசான குழிவு. அந்தக் குழிவில் மெல்லிய கோடுகள், எல்லாம் ஒரே திசையில்.

“அந்த மெருகைப் பாருங்க!” என்றாள் ஆசியா. கோபத்துக்கு நடுவிலும் குரலில் ஒரு மரியாதை தலைகாட்டியது. “இது சாதாரண ஆள் செஞ்ச வேலை இல்லை. அளவு, கறுப்பு, கனம், எல்லாம் அப்படியே. சிங்கப்பூர்ல ஏதோ பெரிய ஆய்வுக்கூடத்துல செஞ்சிருக்கணும். என் ஆராய்ச்சியை முந்தப் பார்க்கிறாங்க.”

மங்களம் வில்லையை இன்னொரு முறை திருப்பினாள். தன்னை ஏமாற்றியவர் பெரிய ஆளாக இருக்கவேண்டும் என்று எல்லாருக்கும் ஓர் ஆசை. சின்ன ஆளிடம் ஏமாந்தால் வலி மட்டும்தான் மிச்சம். பெரிய ஆளிடம் ஏமாந்தால் கொஞ்சம் பெருமையும் சேர்ந்து வருகிறது. தன் கணவர் ஓடிப்போனது பினாங்கிலுள்ள ஓர் அழகிக்காக என்று பல ஆண்டுகள் நம்பியவள் அவள். பிறகு ஒரு நாள் தெரியவந்தது: அவர் தைப்பிங்கில் தனியாக, நிம்மதியாக, கோழி வளர்த்துக்கொண்டிருந்தார்.

சேலைத் தலைப்பிலிருந்து ஒரு நூலை உருவினாள். அதன் நுனியில் அந்தச் சின்னக் காந்தத்தைக் கட்டித் தொங்கவிட்டு, வில்லையை மெதுவாக அதன் அருகே கொண்டுபோனாள்.

காந்தம் தயங்கியது. பிறகு, கூச்சப்படும் மாப்பிள்ளை போல, வில்லையின் பக்கம் சாய்ந்தது. பச்சென்று ஒட்டவில்லை. சாய்ந்தது, அவ்வளவுதான்.

“தள்ளவேண்டியது கொஞ்சுது,” என்றான் பத்துமலை.

“இதுக்குள்ளே இரும்பு இருக்கு,” என்றாள் மங்களம். “நிறைய இல்லை. தூளாட்டம்.”

“இரும்புத்தூளை உள்ளே ஏத்தியிருக்காங்க!” ஆசியா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “எவ்வளவு பெரிய மூளை!”

அதற்குள் பத்துமலை வில்லை வைத்திருந்த கண்ணாடிச் சாடியை எடுத்து மூக்கை நுழைத்திருந்தான். அவன் மூக்கு அந்தச் சாடிக்குப் பெரியது. உள்ளே நுழைந்தது வெளியே வரச் சற்று நேரம் எடுத்தது.

“அக்கா, சந்தனம்.”

மங்களமும் முகர்ந்தாள். சந்தனம்தான். சாடியின் விளிம்பில் சிவப்பாக ஒரு துளி.

“அது செம்பு ஆக்சைடா இருக்கும்,” என்றாள் ஆசியா.

“இல்லை, குங்குமம்,” என்றாள் மங்களம். “நேத்து ஆயுத பூஜை. இந்தக் காலேஜுல பூஜை போட்ட ஆள் யாரு?”

மூவரும் நடைபாதையைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒவ்வொரு டைப்ரைட்டரின் நெற்றியிலும் சந்தனமும் குங்குமமும் பளபளத்தன.

*

அர்ச்சுனன் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு அவர்களை வரவேற்றார். இயந்திரங்களுக்கு இருந்த அதே பொட்டு அவர் நெற்றியிலும் இருந்தது.

“வணக்கம் செக்கு,” என்று வாத்தியாரை மலாய் வழக்கப்படி அழைத்தான் பத்துமலை. “மெஷினெல்லாம் சடங்கு சுத்தின பொண்ணுங்க மாதிரி இருக்கு.”

“ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியாப் பொட்டு வச்சேன்.”

“எழுத்துக்கெல்லாமா?”

“பெரிய எழுத்துக்கு மட்டும்.”

மங்களம் நேராக விஷயத்துக்கு வந்தாள். “டாக்டர் ஆசியாவோட வில்லை காணாமப் போயிருக்கு. அது வச்சிருந்த சாடியில சந்தன வாசனை.”

“நான் எதுக்கும்மா திருடணும்? கல்லு மிதந்தாலும் அறை எனக்குத்தான், மிதக்காட்டியும் அறை எனக்குத்தான். வர்ற அதிகாரி நாட்டுக்கு என்ன பிரயோசனம்னு கேட்பார். தட்டச்சு படிச்ச பொண்ணுக்கு வேலை கிடைக்கும். மிதக்கிற பொத்தானுக்கு என்ன வேலை கிடைக்கும்?”

மங்களம் கண்ணை மூடிக் கேட்டாள். பொய் சொல்கிறவர்கள் வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்குவார்கள். கம்பி வழியே ஆண்டுக்கணக்கில் கேட்ட பாடம். அர்ச்சுனன் எந்தச் சொல்லையும் விழுங்கவில்லை. எல்லாவற்றையும் மென்று துப்பினார். கெட்ட எண்ணம் முழுவதையும் வெளிப்படையாக வைத்திருக்கும் மனிதரிடம் ஒளிப்பதற்கு இடம் இருக்காது.

“இந்தச் சந்தேகத்தை உங்க ஆளுகிட்டப் போய்க் கேளுங்க,” என்றார் அவர். “லேப் அட்டெண்டன் ஐயாவு. முந்தாநாள் என்கிட்ட வந்து நின்னான். ‘சார், பூஜையில வைக்கிற ஆயுதம் இரும்பாத்தான் இருக்கணுமா? இரும்பே சேராத சாமானை வைக்கலாமா?’ன்னு கேட்டான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“பக்தி இருந்தா பலகாரத்தைக்கூட வைக்கலாம்னேன்.”

ஆசியாவின் முகம் வெளுத்தது. “ஐயாவு இன்னிக்கும் லீவு. சுங்கை சிப்புட் பக்கம் அவங்க தோட்டத்துக்குப் போயிருக்கான்.”

பத்துமலை ஏற்கெனவே சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

*

பத்துமலையின் தட்சன் டாக்சி ஈப்போவை விட்டு வடக்கே ஓடியது. பின் இருக்கையில் ஆசியா போலி வில்லையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தாள். அதன்மேல் அவளுக்கு ஒரு பிரியமே வந்துவிட்டது போலிருந்தது. சுண்ணாம்பு மலைகள் போனபின் செம்பனை தொடங்கியது. பால்மரங்களை வெட்டிச் சாய்த்து நட்ட செம்பனை. இடையில் மிஞ்சிப்போன ரப்பர்த் துண்டுகள் அங்கங்கே நிழலாகத் தெரிந்தன.

“ஐயாவு எப்படிப்பட்ட ஆளு?” என்றாள் மங்களம்.

“நல்லவன்க்கா. தரையைக் கூட்டுவான், நைட்ரஜன் தூக்கிட்டு வருவான். நான் பேசினா கேட்பான். எங்க வாப்பா கடையில நான் இதைப் பத்திப் பேசினா புரோட்டா போடுற ஆளுகூட எழுந்து போயிடுறார். ஐயாவு மட்டும்தான் உட்கார்ந்து கேட்கிறவன்.” வில்லையை மறுபடியும் தடவினாள். “அவன் வித்திருப்பான்னு நினைக்கவே முடியலை.”

மங்களம் ஜன்னல் பக்கம் திரும்பினாள். நேற்று அவள் வீட்டிலும் ஆயுத பூஜைதான். முன்பெல்லாம் காதில் மாட்டும் தொலைபேசிக் கருவியைப் பூஜைத் தட்டில் வைப்பாள். மேலதிகாரியிடம் கேட்டு, ஒரு துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவருவாள். நேற்று தட்டில் வைக்க ஒன்றும் இல்லை. துப்பறிகிறவளுக்கு எது ஆயுதம்? காதை அறுத்து வைக்கமுடியாது. வெறும் தட்டுக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோது பேனா வைத்தேன் என்று சொன்னாள். ஏன் அந்தப் பொய் என்று இப்போது தன்னையே கேட்டுக்கொண்டாள். வெறும் தட்டு என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? விடை தெரிந்தது: தட்டில் வைக்க ஒன்றும் இல்லாதவளுக்கு வரும் வெட்கம். தெரிந்ததும், ஐயாவு வில்லையை விற்கவில்லை என்பதும் தெரிந்துவிட்டது.

“பத்துமலை, நீ நேத்து எதை வச்சுக் கும்பிட்டே?”

“இந்தக் கெரேட்டாவைத்தான்க்கா,” என்று டாக்சியின் ஸ்டீயரிங்கைத் தட்டினான். “ சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சேன். நாலு வச்சு ஏத்தினா, மூணுதான் நசுங்குச்சு. நாலாவது உருண்டு பக்கத்து வீட்டு வாசல்ல போய் நின்னுச்சு. அவன் சூனியம்னு நினைச்சு நேத்துலேர்ந்து வெளியவே வரலை.”

*

தோட்டத்துக் கோயில் தகரக் கூரையும் சிமெண்டுத் தரையுமாக இருந்தது. மறுநாள் செய்யும் மறுபூஜை முடிந்து, வாழை இலையில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. டாக்டர் ஆசியாவைப் பார்த்ததும் ஐயாவு கையில் சோற்று உருண்டையோடு எழுந்து நின்றான். முப்பது வயது மனிதனுக்கு உரிய மீசை இருந்தும் முகம் மாட்டிக்கொண்ட மாணவனைப் போலிருந்தது.

“அம்மா! நீங்க எங்கம்மா இங்கே? சாப்பிடுறீங்களா? சைவம்தான்மா.”

“என் வில்லை எங்கே ஐயாவு?”

சோற்று உருண்டை இலையில் விழுந்தது. “காலையிலேயே கொண்டுபோய் சாடியில வச்சிட்டேனேம்மா! விடியறதுக்கு முந்தியே மச்சான் மோட்டார்ல போய், வச்சிட்டுத் திரும்பி வந்தேன்.”

“அப்ப எடுத்தது நீதான்.”

“ஒரு ராத்திரிக்குத்தான்மா.” அவன் தரையைப் பார்த்துப் பேசினான். “இங்கே எல்லாரும் அவங்கவங்க தொழில் சாமானைக் கொண்டுவந்து அம்மன் முன்னால வைப்பாங்க. தம்பி லாரி ஸ்பேனரு வைப்பான். மச்சான் தையக்கத்தரி. என்கிட்ட என்ன இருக்கு? போன வருஷம் தொடப்பம் வச்சேன். சிரிச்சாங்க. ‘ஈப்போ காலேஜுல பெரிய வேலைன்னு சொன்னே, கூட்டுற வேலையாலா?’ன்னு. அதான்மா... நம்ம லேப்போட ஆயுதம் அதுதானே?”

ஆசியா வாயைத் திறந்தாள். திட்டுவதற்காகத் திறந்த வாய். பார்வை மட்டும் இலையில் விழுந்த சோற்று உருண்டைக்குப் போனது.

“நீ கொண்டுவந்து வச்சது இது,” என்று போலி வில்லையை நீட்டினாள் மங்களம். “இது மிதக்கலை. எங்கே வச்சிருந்தே, எப்படி எடுத்தேன்னு சொல்லு.”

ஐயாவு மேடையைக் காட்டினான். “இதோ இங்கேதான்க்கா. எல்லாத்தையும் ஒண்ணாக் குமிச்சு, சந்தனம் பூசி, குங்குமம் வச்சு, பூ போட்டாங்க. மறுபூஜைக்கு முந்தி எடுக்கக் கூடாது. ஆனா டாக்டரம்மா காலையில வந்துருவாங்களே! அதான் இருட்டோட வந்து அம்மன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு எடுத்தேன். விளக்குத் திரி அணையப்போற வெளிச்சம்தான். வட்டமா கைக்குள்ளே அடங்கினதைத் தடவி எடுத்து, துடைச்சு...”

“பக்கத்துல யாரோட சாமான் இருந்துச்சு?”

“செல்லாயி அக்காவோட பால்வெட்டுக் கத்தி.”

“கத்தி மட்டும்தானா?”

ஐயாவு மேடைப் பக்கம் திரும்பினான். அந்த நேரம் பார்த்து, லயத்து வீடுகளின் பின்புறத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது.

சர்ர்ர்... சர்ர்ர்... சர்ர்ர்...

மங்களம் போலி வில்லையைத் திருப்பினாள். நடுவில் குழிவு. எல்லாம் ஒரே திசையில் ஓடும் கோடுகள். உள்ளே ஊறிப்போன இரும்புத்தூள்.

“டாக்டர்,” என்றாள், “சிங்கப்பூர் வரைக்கும் போக வேண்டியதில்லை. இது கத்தி தீட்டுற கல்லு.”

“தீட்டுக்கல்லா?” ஆசியாவின் குரல் கீச்சென்று உயர்ந்தது. “அப்ப என் வில்லை?”

சர்ர்ர்...

நால்வரும் ஓடினார்கள்.

*

தண்ணீர்க் குழாயடியில் செல்லாயி குந்தியிருந்தாள். பக்கத்து ரப்பர்த் துண்டில் இன்னும் பால் வெட்டப் போகிறவர்களில் ஒருத்தி. இடது கையில் ஈரம் சொட்டும் கறுப்பு வில்லை. வலது கையில் கத்தி. வாயில் வசவு.

“கட்டையில போறவ! என் நல்ல கல்லைச் சுட்டுட்டுப் போலிக் கல்லை வச்சிட்டுப் போயிட்டா! அளவு அப்படியே, கறுப்பு அப்படியே! பாரு, தொட்டா மாவாக் கொட்டுது! வீரம்மா, நீ வெளிய வாடி! உன் வேலைதான்டி இது!”

பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து வீரம்மாவின் குரல் வந்தது. “உன் கல்லை எடுத்து நான் என்ன குழம்பா வைக்கப் போறேன்?”

“நிறுத்துங்க!” என்று அலறிக்கொண்டு ஆசியா பாய்ந்தாள்.

செல்லாயி கத்தியோடு எழுந்தாள். “யாரும்மா நீ? ஓ, இந்தப் போலிக் கல்லு வித்தவளா?”

“அக்கா, அக்கா,” என்று பத்துமலை நடுவில் புகுந்தான், கத்தியின் நீளத்தைக் கண்ணால் அளந்தபடி. “உங்க கல்லு இதோ இருக்கு. அந்தக் கல்லை இவங்ககிட்டக் குடுத்துடுங்க. ரெண்டு பக்கமும் சம்மதம்னா மாத்திக்கலாம்லா.”

செல்லாயி தன் கல்லை வாங்கினாள். குழிவில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. பிறகு பக்கத்து வீட்டைப் பார்த்துக் கத்தினாள். “வீரம்மா, கல்லு கிடைச்சிருச்சுடி! ஆனாலும் உன்மேல எனக்குச் சந்தேகம்தான்!”

ஆசியா தன் வில்லையை இரண்டு கையாலும் ஏந்தி நின்றாள். ஒரு பக்கம் முழுக்கக் கீறல். விளிம்பு உதிர்ந்திருந்தது. ஈரம் ஊறியிருந்தது.

“தண்ணி ஆகவே ஆகாதுக்கா,” என்றாள் மெதுவாக. “தண்ணி பட்டா இந்தப் பொருள் அப்படியே கெட்டுப்போகும். மேலே இரும்புத்தூள் வேற.”

*

திரும்பும்போது, முன் இருக்கையில் மங்களம், பின்னால் ஆசியாவும் ஐயாவும். ஆசியா வில்லையைத் தன் முந்தானைக்குள் வைத்துத் துடைத்துக்கொண்டே வந்தாள். மங்களம் நூலில் கட்டிய காந்தத்தை வாங்கிக் கீறல்களின் மேல் மெல்ல ஓட்டினாள். கத்தியின் தூள் மீசை முளைத்த மாதிரி காந்தத்தில் வந்து ஒட்டியது. கைக்குட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் ஓட்டினாள்.

“என்னை வேலையை விட்டு நிப்பாட்டிடுவீங்களாம்மா?” என்றான் ஐயாவு.

“முதல்ல இது மிதக்கட்டும்.”

சற்றுத் தூரம் போனபிறகு ஆசியா வெளியே பார்த்தபடியே கேட்டாள். “அங்கே வச்சப்ப, இது என்னன்னு யாராவது கேட்டாங்களா?”

“எல்லாரும் கேட்டாங்கம்மா. காந்தத்தை அந்தரத்துல நிக்க வைக்கும்னேன். நம்பலை. எங்க டாக்டரம்மா தினமும் நிக்க வைக்கிறாங்கன்னேன்.”

ஆசியா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். வில்லைத்தூள் கண்ணாடியில் பட்டு, பார்வை முழுக்கக் கறுத்தது. அதைப் போட்டுக்கொண்டே ஈப்போ வரை வந்தாள். மங்களம் அதைச் சுட்டிக்காட்டவில்லை. சில நேரங்களில் எதிரே இருப்பது தெரியாமலிருப்பதே வசதி.

*

கல்லூரிக்கு வந்ததும் ஆசியா வில்லையை மேசை விளக்கின் கீழ் வைத்து உலர்த்தினாள். கெட்டுப்போன மேல்பரப்பை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தாள். வில்லை மெலிந்துகொண்டே வந்தது. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

“போதும்மா,” என்றாள் மங்களம். “மிச்சமும் வேணும்ல.”

அதிகாரி வந்துவிட்டார். பருத்த உடம்பு, கழுத்தை இறுக்கும் டை, இங்கே வந்து சேர்ந்ததற்கே அலுத்துப்போன முகம், கையில் ஒரு கைப்பை. பின்னால் அர்ச்சுனன், புதிதாக வைத்துக்கொண்ட பொட்டோடு.

ஐயாவு நைட்ரஜனை ஊற்றினான். கிண்ணம் சீறியது. ஆசியா இடுக்கியால் காந்தத்தை எடுத்து வில்லையின் மேல் வைத்தாள்.

அது படுத்தது.

அர்ச்சுனன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். நைட்ரஜன் கொதித்துக்கொண்டே இருந்தது. பத்துமலை மறுபடியும் தொப்பியைக் கழற்றலாமா என்று யோசிக்கும் முகத்தோடு நின்றான். மங்களம் தன் விரல்கள் நகத்தைக் கீறிக்கொண்டிருப்பதைக் கவனித்தாள். தனக்கு என்ன இவ்வளவு பதற்றம்? தன்னுடைய அறை இல்லை, தன்னுடைய காந்தம் இல்லை. ஆனால் ஒரு நாள் காலை வேலைக்குப் போய், நம் இருக்கையில் வேறொன்று உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதை இன்னொருத்தி பார்க்க வேண்டாம்.

காந்தத்தின் ஓர் ஓரம் எழுந்தது.

பிறகு மறு ஓரம். கோணலாக, கள் குடித்துவிட்டு வீட்டுக்கு வரும் ஆள் போல ஒரு பக்கம் சாய்ந்து, ஆனால் எதையும் தொடாமல், அது அந்தரத்தில் நின்றது.

அதிகாரி கைப்பையைக் கீழே வைத்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்து காந்தத்துக்கும் வில்லைக்கும் நடுவே நுழைத்தார். டிக்கெட் இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது. கிண்ணத்தைத் தரையில் வைக்கச் சொன்னார். முழுக்கால் சட்டையை முழங்காலில் இழுத்துவிட்டுக்கொண்டு, தரையில் குந்தி, கண்ணை அந்த இடைவெளிக்கு நேராக வைத்தார். பென்சில் நுனியால் காந்தத்தைத் தட்டினார். அது சுழன்றது. சுழன்றுகொண்டே இருந்தது.

“இதால் என்ன பிரயோசனம்?” என்று மலாயில் கேட்டார், பார்வையை எடுக்காமலே.

ஆசியாவின் வாய் பழக்கப்படி நீளமான ஒரு சொல்லுக்குத் தயாரானது. மங்களம் அவளைப் பார்த்தாள். ஆசியா பத்துமலையைப் பார்த்தாள். பிறகு தானும் அதிகாரிக்கு எதிரே தரையில் குந்திக்கொண்டு, மலாயில் ஆரம்பித்தாள்.

“ஒரு கல்யாண வீட்டை நினைச்சுக்கோங்க என்சிக். உள்ளே எல்லாரும் ஜோடியா இருக்காங்க. இப்போ வாசல் வழியா, கல்யாணமாகாத பையன்கள் ஒரு கும்பலா வாராங்க...”

அதிகாரி பென்சிலை அந்தரத்தில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு முறை சிரித்தார். ஒரு முறை, ‘அந்தப் பையன்கள் எவ்வளவு தூரம் உள்ளே போவார்கள்?’ என்று கேட்டார். ‘அதுதான் எனக்கும் தெரியாது’ என்றாள் ஆசியா. ‘தெரிந்துகொள்ள எவ்வளவு காலம் ஆகும்?’ என்றார். ஐயாவு கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் நைட்ரஜன் ஊற்றினான்.

அர்ச்சுனன் வாசற்படியில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்து நின்றார். “துவான், அந்த அறை விஷயம்...”

அதிகாரி திரும்பவில்லை. நடைபாதைக் காற்று உள்ளே வந்து புகையைக் கலைத்து, காந்தத்தை மறைத்தது. கதவைச் சாத்தச் சொல்லிக் கையை மட்டும் பின்னால் அசைத்தார்.

அர்ச்சுனன் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தயங்கினார். “எந்தப் பக்கம் நின்னு சாத்தணும்?” என்று தமிழில் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“வெளிப்பக்கம் செக்கு,” என்றான் பத்துமலை.